கே கிளப்பில் எந்த டீயில் நின்று அடிப்பது?

அயர்லாந்தில் கில்டேர் பகுதியில் குடியிருப்பதால் எனக்கு ஒரு தொல்லை உண்டு. கோல்ஃப் ஆடும் உறவினரோ நண்பரோ யார் ஊரிலிருந்து வந்தாலும், பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்பே கேட்பது ஒன்றுதான்: "கே கிளப்பில் ஒரு ரவுண்டு ஆட முடியுமா?" முடியும். பணம் கட்டினால் யாரும் ஆடலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, ஓட்டலில் தங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எனக்குக் கவலை வேறு. அங்கே வருகிற பலரும் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டத்தை ஆட ஆசைப்பட்டு, தங்களுக்குப் பொருந்தாத டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடம்; முன்னும் பின்னுமாகப் பல இருக்கும்) நின்று, தங்களுக்குத் தெரிந்த ஆட்டத்தையும் தொலைத்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்புகிறார்கள். கட்டிய கட்டணத்தை நினைத்தால் வயிறு எரியும்.

டப்ளினுக்கு மேற்கே, லிஃபி ஆற்றங்கரையில் ஸ்ட்ராஃபான் என்று ஒரு சிற்றூர். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்ட்டன் என்ற ஒயின் வணிகக் குடும்பம் கட்டிய மாளிகையை 1988-இல் மைக்கேல் ஸ்மர்ஃபிட்டின் நிறுவனம் வாங்கியது. 1991-இல் அது ஐந்து நட்சத்திர ஓட்டலாகவும் கோல்ஃப் மைதானமாகவும் திறக்கப்பட்டது. அதுதான் கே கிளப். இப்போது அங்கே இரண்டு மைதானங்கள்: பால்மர் நார்த், பால்மர் சவுத். இரண்டுமே அமெரிக்க ஆட்டக்காரர் அர்னால்ட் பால்மரின் பெயரைத் தாங்கியவை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அணிகளாக மோதும் ரைடர் கோப்பை 2006-இல் நடந்தது நார்த்தில். ஐரிஷ் ஓப்பன் 2016, 2023, 2025 ஆண்டுகளில் நடந்ததும் அங்கேதான். எனவே வருகிற எல்லாருக்கும் நார்த்தான் வேண்டும்.

பால்மர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பது தெரிந்திருந்தால் இந்த மைதானம் பாதி புரிந்துவிடும். 1960 அமெரிக்க ஓப்பனின் கடைசிச் சுற்றில் ஏழு ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்த மனிதர், பார் 4 ஆன (நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய) முதல் குழியின் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தளத்துக்கு, ஒரே அடியில் பந்தை ஏற்றினார். அன்று 65 அடித்துப் பட்டத்தையும் தட்டிச் சென்றார். பதுங்கி ஆடுவது அவருக்குப் பிடிக்காது. அவர் போட்ட மைதானமும் அப்படித்தான்: ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் "துணிந்து அடிக்கிறாயா, ஒதுங்கிப் போகிறாயா?" என்று கேட்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் கேள்வி நம்மிடம் வந்து சேர வேண்டுமானால் நாம் சரியான டீயில் நின்று தொடங்கியிருக்க வேண்டும். 7,000 கெஜத்துக்கு மேல் நீளும் போட்டி டீயிலிருந்து என்னைப் போன்ற பதினெட்டு ஹேண்டிகேப் ஆள் (ஒரு சுற்றில் பாரைவிடச் சுமார் பதினெட்டு அடி கூடுதலாக அடிக்கிறவன்) அடித்தால், பால்மர் என்னிடம் எதையுமே கேட்கமாட்டார். இரண்டாவது அடியும் மூன்றாவது அடியும் வெறும் நடையாகவே போகும். தண்ணீருக்குப் பக்கத்தில் நான் போய்ச் சேரும்போது முடிவெடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

கோயம்புத்தூரிலிருந்து என் மாமனார் வந்தபோது இந்தப் பேச்சு வந்தது. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் பல ஆண்டுகள் ஆடியவர். பந்தை நேராக அடிப்பார்; தூரம் போகாது. டிரைவர் மட்டையை எடுத்து முழு வீச்சில் அடித்தாலும் 170 கெஜம் தாண்டுவது அபூர்வம். முதல் நாள் அவரைக் கர்ரா சமவெளிக்கு அழைத்துப் போயிருந்தேன். சாலையோரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த முட்புதரைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னார். "மாப்பிள்ளை, இது நம் ஊட்டி மைதானத்தில் என் பந்தையெல்லாம் விழுங்குகிற சனியன் அல்லவா!" அதே கோர்ஸ் செடிதான். நீலகிரிக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது, இங்கே மண்ணின் மைந்தன். அதற்குப் பிறகு அயர்லாந்து முழுவதையும் தனக்கு முன்பே தெரியும் என்கிற தோரணை அவருக்கு வந்துவிட்டது. கே கிளப்பின் முதல் டீயில் போய் நின்றதும், "கடைசி டீயிலிருந்தே அடிப்போம். டைகர் வுட்ஸ் நின்ற இடத்தில் நானும் நின்றேன் என்று ஊரில் போய்ச் சொல்ல வேண்டாமா?" என்றார்.

எங்கள் கேடி (மட்டைப் பையைத் தூக்கிவந்து யோசனையும் சொல்கிறவர்) அறுபது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். அவர் மறுக்கவும் இல்லை, உபதேசமும் செய்யவில்லை. மாமாவிடம், ஐந்தாம் எண் அயர்ன் மட்டையில் எவ்வளவு தூரம் அடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். 130 கெஜம் என்றார் மாமா. அதை 36-ஆல் பெருக்குங்கள் என்றார் கேடி. 4,680. நீங்கள் ஆட வேண்டிய மைதானத்தின் மொத்த நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இருந்த டீயை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கேடியின் பின்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தப் பெருக்கல் கணக்கு கோல்ஃப் உலகில் பழகிய ஒன்றுதான். யார் சொன்னாலும் கேட்காத ஆட்டக்காரர்களைக்கூட இது மடக்கிவிடும், ஏனென்றால் அவரவர் வாயாலேயே வருகிற எண் அது. உங்கள் ஐந்தாம் எண் அயர்ன் 150 கெஜம் என்றால் 5,400 கெஜம் உங்களுக்குப் பொருத்தம். அந்த எண்ணுக்கு அருகில் உள்ள டீயை அட்டையில் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள். முன் டீ பெண்களுக்கு, பின் டீ ஆண்களுக்கு என்ற பழைய பேச்சை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மாமாவைப் போலக் கடைசி டீயில் நின்றே ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டால், அங்கே போய் நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணமில்லை. நாங்களும் எடுத்தோம்.

அந்த முடிவின் பலன் 16-ஆவது குழியில் தெரிந்தது. பார் 5. கிரீன் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. லிஃபி அங்கே அகலமில்லை, ஆனால் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது அகலமாகத்தான் தெரியும். மாமாவின் முதல் இரண்டு அடிகளும் ஃபேர்வேயின் (புல்லை வெட்டிவைத்த ஆட்டப் பாதையின்) நடுவில் விழுந்திருந்தன. மூன்றாவது அடிக்குக் கொடிக்கம்பம் சுமார் 125 கெஜத்தில். இந்தப் பக்கமே சின்னதாகத் தட்டி நிறுத்திவிட்டு, நான்காவது அடியில் குறுந்தூர மட்டையான வெட்ஜால் ஆற்றைத் தாண்டலாம். இல்லையென்றால் இப்போதே தாண்ட வேண்டும். கேடி இரண்டு மட்டைகளைப் பையிலிருந்து பாதி உருவி நீட்டினார். ஒன்று வெட்ஜ், இன்னொன்று தூரம் போகும் ஹைப்ரிட். மாமா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். புல்லைக் கொஞ்சம் பிடுங்கிக் காற்றில் விட்டுப் பார்த்தார். அது அவருடைய சட்டைமேலேயே வந்து விழுந்தது. எதிர்க்காற்று. "இவ்வளவு தூரம் விமானத்தில் வந்தது ஓரமாகத் தட்டிவிட்டுப் போகவா, மாப்பிள்ளை?" என்று ஹைப்ரிட்டை உருவினார். பந்து தாழ்வாகப் போய், அக்கரை விளிம்புக்கு இரண்டு கெஜம் அப்பால் விழுந்து, உருண்டு கிரீனின் பின்பகுதியில் நின்றது. பிறகு கிரீனில் மூன்று பட்டிங் (உருட்டிவிடும் அடி) அடித்துப் போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்) எடுத்தார். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அடுத்த குழி முழுக்க ஆற்றோரமாக நடந்துகொண்டே அந்த ஓர் அடியைப் பற்றி மட்டும் பேசினார். கடைசி டீயிலிருந்து ஆடியிருந்தால் அந்த இடத்துக்கு வந்து சேரவே அவருக்கு இன்னும் ஒன்றிரண்டு அடிகள் கூடுதலாக ஆகியிருக்கும்.

18-ஆவது குழியும் இதே குணம் உள்ளதுதான்: இடப்பக்கம் வளையும் பார் 5, கிரீனை ஒட்டியே தண்ணீர். 2016 ஐரிஷ் ஓப்பனில் ரோரி மெக்கில்ராய் ஐந்தாம் எண் வுட்டால் இரண்டாவது அடியைக் குழிக்குப் பக்கத்திலேயே விழவைத்து, ஈகிளுடன் (பாரைவிட இரண்டு அடி குறைவு) பட்டத்தை முடித்தார். 2025-இல் அதே கிரீனில் நீண்ட ஈகிள் பட்டிங் ஒன்றைப் போட்டு ஆட்டத்தைச் சமனாக்கினார். அன்று கூட்டத்தில் நானும் நின்றேன். பந்து குழிக்குள் போனதைக் கண்ணால் பார்க்கவில்லை, எனக்கு முன்னால் நின்ற மனிதரின் முதுகு அவ்வளவு அகலம். சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு சுவீடனின் யோவாக்கிம் லாகர்கிரெனுடன் அதே குழியைத் திரும்பத் திரும்ப ஆடி, மூன்றாவது முறை லாகர்கிரெனின் பந்து தண்ணீருக்குள் போனதும் முடிவு தெரிந்தது. பார்வையாளராகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசி நாள் 18-ஆவது கிரீனில் இடம் வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். ஆட்டம் பார்க்க எனக்குப் பிடித்த இடம் 16-தான். எல்லா ஆட்டக்காரர்களும் அங்கே வந்து நின்று யோசிப்பார்கள், முகத்தை நன்றாகப் பார்க்கலாம்.

2006 ரைடர் கோப்பையைப் பற்றி இங்குள்ளவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், நிறுத்தமாட்டார்கள். அயர்லாந்தில் நடந்த முதல் ரைடர் கோப்பை அது. இயன் வூஸ்னம் தலைமையில் ஐரோப்பா 18½–9½ என்று அமெரிக்காவைத் தோற்கடித்தது. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஐரோப்பிய அணியின் டேரன் கிளார்க்கின் மனைவி ஹெதர் புற்றுநோயால் இறந்திருந்தார். கிளார்க் வந்து ஆடி, ஆடிய மூன்று ஆட்டங்களிலும் வென்றார். பார் 3 ஆன 14-ஆவது குழியில் சனிக்கிழமை பால் கேசியும் ஞாயிற்றுக்கிழமை ஸ்காட் வெர்ப்ளாங்கும் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார்கள். ஏழாவது குழியில் துண்டை நனைக்கப் போன டைகர் வுட்ஸின் கேடி கால் வழுக்கி, அவருடைய ஒன்பதாம் எண் அயர்னைத் தண்ணீருக்குள் விட்டதும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். முக்குளிப்பவர் ஒருவர் இறங்கி அதை மீட்டார். மாமா அந்த இடத்தில் தன் மட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

இவ்வளவு சொல்லியும் நான் தருகிற ஆலோசனை: முதலில் சவுத்தில் ஆடுங்கள். நார்த் பழைய தோட்டம். ஓங்கிய மரங்கள், ஆறு, நிழல், வளைவுகள். கண்ணுக்கு அழகு, ஆனால் ஃபேர்வேயை விட்டுப் பந்து விலகினால் மரத்தடியிலிருந்து பக்கவாட்டில் தட்டி வெளியே கொண்டுவருவதிலேயே ஓர் அடி போய்விடும். சவுத் திறந்த வெளி. மேடு பள்ளமாகக் குவித்த மண்ணும் நீண்ட புல்லும் கடலோர மைதானத்தின் சாயலைக் கொடுக்கின்றன. பந்து கோணலாகப் போனாலும் பெரும்பாலும் கண்டுபிடித்து மறுபடி அடிக்கலாம். ஏழாவது குழியில் பாறைச் சுவரும் அதிலிருந்து விழும் தண்ணீரும் சற்று மிகைதான். அமெரிக்கத் தனம் என்று இங்குள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்குப் பிடிக்கும். மரமில்லாததால் காற்று மட்டும் தடையின்றி வீசும். விமானப் பயணக் களைப்பு தீராத முதல் நாளில் சவுத், உடம்பும் கையும் ஊருக்குப் பழகிய பிறகு நார்த். இதை மாற்றிச் செய்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நார்த்தில் பந்துகளை எல்லாம் பறிகொடுத்துவிட்டுச் சவுத்துக்கு மனம் சோர்ந்து வருவார்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் அயர்லாந்தைப் பற்றி எழுத முடியாது. குடை கொண்டுவராதீர்கள், காற்றில் அது உங்களைத்தான் இழுத்துக்கொண்டு ஓடும். 'தண்ணீர் தாங்கும்' என்று எழுதிய சட்டை வேறு, உள்ளே தண்ணீரே விடாத சட்டை வேறு. இரண்டாவது வகை வேண்டும், கால்சட்டையும் சேர்த்து. கையுறை இரண்டு மூன்று ஜோடி, காய்ந்த காலுறை ஒரு ஜோடி. மட்டையின் பிடியைத் துடைக்கும் துண்டைப் பைக்கு வெளியே தொங்கவிடாமல் உள்ளே வையுங்கள். இது ஆற்றங்கரை நிலம் என்பதால் மழைக்குப் பிறகு பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும், உருளாது. ஊரில் ஏழாம் எண் அயர்ன் எடுக்கிற இடத்தில் இங்கே ஆறாம் எண், குளிர் நாளில் ஐந்தாம் எண்.

ஈர நிலத்தில் பலருக்குத் தெரியாத சலுகை ஒன்றும் உண்டு. மணல் பங்கர் தவிர்த்த பொதுப் பகுதியில், நீண்ட புல் வளர்ந்த ரஃப் உட்பட, பந்து விழுந்த வேகத்தில் தானே உண்டாக்கிய பள்ளத்துக்குள் புதைந்துவிட்டால் அபராதம் இல்லாமல் எடுத்துத் துடைத்து, அந்த இடத்தை ஒட்டிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். விதி 16.3. கூட ஆடுகிறவருக்குச் சொல்லிவிட்டு எடுங்கள், வீண் சந்தேகம் வராது. அதேபோல் தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடம்தான். ஐந்து நிமிடம் என்று பழகிய மாமாவுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. ஊட்டியில் ஒரு பந்துக்காக அரை நாள் தேடுவோம் என்றார்.

கேடி வைத்துக்கொள்வதா என்று பலர் யோசிக்கிறார்கள். மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அதுதான் மலிவு. கிரீனில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நம் கண் நம்பவே நம்பாது. எங்கள் கேடி ஒரு கிரீனில் குழியின் வலப்பக்கம் ஓர் அடி தள்ளித் தன் காலணி நுனியால் ஒரு புள்ளியைக் காட்டினார். எனக்கு அது மேடாகத் தெரிந்தது, அவருக்குச் சரிவாகத் தெரிந்தது. அவர் சொன்னபடி அடித்தேன், உள்ளே போனது. அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கேடியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கூலியையும் அதற்கு மேல் கொடுப்பதையும் ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள். நாங்கள் கொடுத்த கோவில்பட்டிக் கடலை மிட்டாயை முதலில் சந்தேகத்தோடு வாங்கியவர், பத்தாவது குழியில் இன்னும் இருக்கிறதா என்று அவராகவே கேட்டார்.

கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும். கோடையில் நார்த்தில் ஒருவருக்கு நூற்றுக்கணக்கான யூரோ ஆகும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாருங்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பது இங்குள்ள பெரிய வரம். அயர்லாந்தில் பல மைதானங்கள் மாலைநேரத்துக்குக் குறைந்த கட்டணம் வைத்திருப்பதால், பதிவு செய்யும்போது அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நான்கு மணிக்குத் தொடங்கினாலும் பதினெட்டு குழிகளையும் முடிக்கலாம். குளிர்காலத்தில் இன்னும் மலிவு. ஆனால் நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

ஹேண்டிகேப் சான்றை கைப்பேசியில் வைத்திருங்கள். ஊர் அட்டையில் உள்ள எண்ணை அப்படியே இங்கே எழுதாதீர்கள்: டீயின் கடினத்துக்கு ஏற்ப அது மாறும், முதல் டீ அருகில் அதற்கான அட்டவணை இருக்கும். மொத்த அடிகளைக் கூட்டுவதைவிட, குழிக்குக் குழி புள்ளி போடும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். ஒரு குழியில் தண்ணீருக்கு மூன்று பந்து கொடுத்தாலும் அந்தக் குழிக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்ததில் புதிதாகத் தொடங்கலாம், பின்னால் வருகிறவர்களும் உங்களைச் சபிக்கமாட்டார்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு விசா விஷயம். ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள், பிரிட்டிஷ்–ஐரிஷ் விசாத் திட்டத்தின் முத்திரை தங்கள் விசாவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இருந்தால் ஒரே விசாவில் இரண்டு நாடுகளுக்கும் போகலாம், ஆனால் விசா கொடுத்த நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். ஸ்ட்ராஃபானில் ரயில் நிற்பதில்லை. டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து ஹேசல்ஹாட்ச் வந்து அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். டாக்ஸியை முதல் நாளே சொல்லி வையுங்கள், நிலைய வாசலில் வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

2027 செப்டம்பரில் ரைடர் கோப்பை மறுபடி அயர்லாந்துக்கு வருகிறது, இந்த முறை லிமெரிக் பகுதியில் உள்ள அடேர் மேனருக்கு. நாடு முழுக்க அறை வாடகை எகிறும் என்பதைச் சொல்ல ஜோசியக்காரன் வேண்டாம். அந்த ஆண்டு ஆட மட்டும் வருகிறவர்கள் மே மாதத்திலேயே வந்து போய்விடுங்கள். செப்டம்பரில் தங்க இடம் கேட்டு என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை, எங்கள் வீட்டு மாடியறையை மாமா இப்போதே பிடித்துவைத்துவிட்டார்.